துறைமுக வாசலில் ஒரு மறுவாழ்வு: பர்மா பஜாரின் வரலாறும் நம் கடமையும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் அரண்மனைகளையும் வழிபாட்டிடங்களையும் முதலில் எழுதுவர். கடைவீதிகள் பெரும்பாலும் அவர்களின் கண்ணில் படுவதில்லை. ஆனால், ஒரு மக்கட் கூட்டம் எங்கிருந்து வந்தது, எதை இழந்தது, எப்படி நிமிர்ந்தது என்பதற்குக் கடைவீதியைக் காட்டிலும் நேர்மையான சாட்சி வேறில்லை. சென்னைத் துறைமுகத்தின் எதிரே, பாரிமுனையிலிருந்து கடற்கரை இரயில் நிலையம் நோக்கி இராஜாஜி சாலையில் நீண்டு கிடக்கும் பர்மா பஜார் அத்தகைய சாட்சிகளுள் ஒன்று.

1980களின் பிற்பகுதியில், மதரஸா மாணவனாக மண்ணடியில் சில காலம் தங்கியிருந்தேன். கிராஅத் ஒலிநாடாக்களைக் கேட்பதற்கென ஒரு டேப் ரெக்கார்டர் வாங்க வேண்டும் என்பது அந்நாளில் என் பேராசை. கையில் இருந்ததோ விலையில் மூன்றில் ஒரு பங்குதான். பர்மா பஜாரில் ஒரு பெரியவர், என் தாடியையும் தொப்பியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, எழுத்து எதுவும் கேட்காமல் கருவியை என் கையில் கொடுத்தார். மீதியை மூன்று மாதத்தில் கொண்டுவந்து கொடுக்கும்படி சொன்னார். நான் கொடுத்த நோட்டுகளை எண்ணும்போது அவர் உதடுகள் தமிழில் அசையவில்லை. ‘தித், நித், தோன், லே’ என்று பர்மிய மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்த பின்னரும், பணத்தை மட்டும் இரங்கூன் மொழியிலேயே எண்ணினார். இக்கட்டுரையின் வித்து அன்று விழுந்தது.

கடல் கொடுத்த நிலம்

இந்தக் கடைவீதியின் வரலாறு துறைமுகத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்கு அரணமைந்த துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் எட்டி நிற்கும். சரக்கும் பயணிகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். கடலோ இன்றைய இராஜாஜி சாலைக் கட்டடங்களுக்கு மிக அண்மையில் வரை வந்து மோதியது. அச்சாலைக்கு ‘முதல் கடற்கரை வரிசை’ என்றும் அதன் பின்தெருவுக்கு ‘இரண்டாம் கடற்கரை வரிசை’ என்றும் பெயர் அமைந்தது இதனாலேயே. ‘செகண்ட் லைன் பீச்’ என்னும் பெயர் மக்கள் நாவில் இன்றும் வழங்குகிறது.

1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பரில் வீசிய புயல், எழும்பி வந்த கரைகளைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்ற காலத்தில் நுழைவாயில் கிழக்கிலிருந்து வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. கடலினுள் நீண்ட கற்சுவர்கள், வடக்கு நோக்கிச் செல்லும் மணலோட்டத்தைத் தடுத்து நிறுத்தின. விளைவு இருவகைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. மீனவர் குடியிருப்புகள் பல இவ்வரிப்பில் மறைந்தன. இன்று அக்கரையைக் காப்பவை பாறைக் குவியல்களே. ஒரே துறைமுகம் ஒரு பக்கம் நிலம் கொடுத்தது; மறுபக்கம் நிலம் பறித்தது. வடசென்னையின் வரலாற்றை இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

அக்கரையை விட்டு

இத்துறைமுகத்திலிருந்துதான் தமிழர் பெருந்தொகையாகப் பர்மாவுக்குக் கப்பலேறினர். 1852இல் கீழ்ப் பர்மாவும் 1885இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற பின், ஐராவதி வடிநிலத்தில் நெல் விளைவிக்கவும், இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும், கடை வைக்கவும், வட்டித் தொழில் நடத்தவும் இந்தியர் சென்றனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியரே.

அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் ‘சூலியா’ என அழைக்கப்பட்டனர். துணி, இரும்பு, பலசரக்கு, சிற்றுண்டி என அவர்கள் கை வைக்காத வணிகம் அங்கில்லை. தமிழ் முஸ்லிமான கரீம் கனி பர்மிய அரசியலில் இடம்பெற்று, பின்னர் 1943இல் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் இடைக்கால அரசின் ஆலோசகர்களுள் ஒருவராகவும் விளங்கினார் என்பது, அச்சமூகம் கடையோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று.

வளத்துக்குப் பின்னே பகையும் வளர்ந்தது. பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்த 1930களில், கடனுக்கு ஈடாக நின்ற வயல்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ ஆறு விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1937இல் இருபத்தைந்து விழுக்காடாயிற்று. நிலம் இழந்த பர்மிய உழவனின் சினத்தைப் புரிந்துகொள்ளாமல், பின்னர் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது. 1930, 1938 ஆகிய ஆண்டுகளில் கலவரங்கள் வெடித்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்ததும், இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் நோக்கினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

போர் ஓய்ந்ததும் பலர் திரும்பிச் சென்றனர். ஆனால், 1962 மார்ச் 2இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியது இறுதி அடியாயிற்று. வங்கிகளும் பெருந்தொழில்களும் முதலில் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் இரங்கூன் கடைகளின் முறை வந்தது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டன. கடை போயிற்று, பெட்டியில் இருந்த பணமும் காகிதமாயிற்று. மூன்று இலட்சம் அளவிலான இந்தியர் அடுத்தடுத்து வெளியேறினர். அவர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்து சேர்ந்தனர். பாட்டன் கப்பலேறிய அதே சென்னைத் துறைமுகத்தில், பேரன் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினான்.

நடைபாதையில் எழுந்த வீதி

வந்தவர்களுக்கு முகாம்களும் குடியிருப்புகளும் அமைக்கப்பட்டன. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியேறினர். எண்ணூரின் ‘பர்மா நகர்’ அந்நினைவைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ஆனால், கூரை மட்டும் பிழைப்பாகாது. வணிகம் ஒன்றே அறிந்த மக்களுக்கு வணிகம் செய்ய இடம் வேண்டும். 1969இல் தமிழக அரசு துறைமுகத்தின் எதிரே சாலையோரத்தில் சிறு கடைகளை அவர்களுக்கு ஒதுக்கியது. அதே 1969இல்தான், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென ‘ரெப்கோ’ எனப்படும் கூட்டுறவு வங்கியும் சென்னையில் தோன்றியது. ஒருபுறம் இடம், மறுபுறம் கடன். மறுவாழ்வுக்கு வேண்டிய இரு கால்களும் ஒரே ஆண்டில் ஊன்றப்பட்டன.

மூன்றாவது கால் ஒன்று உண்டு. அதை எந்த அரசாணையும் தர இயலாது. அதுதான் நம்பிக்கை. அண்டையிலிருந்த மண்ணடியில் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் வணிகர்கள் முன்பே வேரூன்றியிருந்தனர். கப்பல் மாலுமிகளிடமும் கடல் கடந்து போய்வருவோரிடமும் பொருள் வாங்கி, விற்ற பின் பணம் தரும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. பர்மாவிலிருந்து வந்தோர் அவ்வலையில் இணைந்தனர். இங்குக் கடை நடத்தியோர் எல்லாச் சமயத்தவருமாவர். ஒருவர் தொழுகைக்குச் சென்றால் அடுத்த கடைக்காரர் அவர் கல்லாவையும் பார்த்துக்கொள்வார். இவர் கோயில் திருவிழாவுக்குச் சென்றால் அவர் பார்த்துக்கொள்வார். இரங்கூனில் ஒன்றாக இழந்தவர்களிடையே ‘நீ யார், நான் யார்’ என்னும் கேள்வி எழ வழியில்லை.

பின்தெருவில் அவர்களின் உணவும் வந்து அமர்ந்தது. மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் கலந்த ‘அத்தோ’, மீன்சாறு ஊற்றிய ‘மொய்ங்கா’ ஆகியவை செகண்ட் லைன் பீச்சின் மாலை நேரத்து அடையாளங்களாயின. இன்று வடசென்னையின் பல தெருக்களில் அத்தோ கிடைக்கிறது. அதைச் சுவைக்கும் இளைஞருள் பலருக்கு அது ஓர் இடப்பெயர்வின் எச்சம் என்பது தெரியாது.

ஒளிக்கத் தகாத பக்கம்

வரலாறு எழுதுவோன் தனக்கு வேண்டியவர்களின் குறையை மறைத்தல் தகாது. 1970களிலும் 80களிலும் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடும் உயர்ந்த சுங்கமும் இருந்தன. வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் டேப் ரெக்கார்டரும் நறுமணப் பொருளும் நைலக்ஸ் சேலையும் சாதாரணக் கடைகளில் கிடைப்பதரிது. அவற்றுக்காகவே தமிழகம் முழுவதிலுமிருந்து மக்கள் பர்மா பஜாருக்கு வந்தனர். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்து பொருள் கொண்டுவந்த ‘குருவி’களின் சரக்கில் சுங்கம் கட்டியதும் இருந்தது, கட்டாததும் இருந்தது. பின்னாளில் திருட்டுக் குறுந்தகடுகளின் பெயராலும் இவ்வீதி கெட்ட பெயர் எடுத்தது. போலிப் பொருளை அசல் என்று விற்றோரும் உண்டு. ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த நிகழ்ச்சியை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அப்பாடம் கடைவீதிக்குப் புறம்பானதன்று. இவ்வீதியில் நம்பிக்கை பழுதுபட்ட அளவுக்கு அதன் வாழ்வும் பழுதுபட்டது என்பதே உண்மை.

1991க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. ஒரு காலத்தில் இங்கு மட்டும் கிடைத்தவை எங்கும் கிடைக்கலாயின. இணைய வணிகம் வந்தபின் அவை வீட்டு வாசலுக்கே வந்தன. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று சென்னையைத் தாக்கியபோது, மாநகராட்சியின் இராயபுரம் மண்டலமே தொடக்கத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. கடைகள் மாதக்கணக்கில் அடைபட்டன. அந்நாட்களில் உணவுப் பொட்டலம் சுமந்தவர்களும், உறவினர் நெருங்க அஞ்சிய உடல்களைச் சமய வேறுபாடின்றி அடக்கம் செய்தவர்களும் நம் தன்னார்வ இளைஞர்களே. கைம்மாறு கருதாத உழைப்பு நம்மிடம் அரிதன்று என்பதை அக்காலம் காட்டியது. அவ்வுழைப்பை ஒரு வீதியின் மறுவாழ்வுக்குத் திருப்ப இயலுமா என்பதே நம் முன் நிற்கும் வினா.

மூர் மார்க்கெட் தரும் பாடம்

கடைவீதி எப்படி மடிகிறது என்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிராட்வேயில் நெரிசலாக இருந்த வணிகர்களுக்கென, 1898இல் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டி, 1900இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட். பழைய நூல்களுக்கு அது தென்னிந்தியாவின் தலைமைச் சந்தை; அரபு, உருது ஏடுகளைத் தேடி ஆலிம்களும் அங்குச் சென்றதுண்டு. 1985 மே 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. வணிகர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. கூரை இருந்தது, எண்ணிட்ட கடை இருந்தது. ஆனால் பழைய கூட்டம் வரவில்லை. பழைய இடத்தில் புறநகர் இரயில் முனையம் எழுந்தது. சந்தையின் பெயர் மட்டும் அம்முனையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டடத்தை மாற்றித் தரலாம். வழிப்போக்கரின் கால்பழக்கத்தை மாற்றித் தர இயலாது. மூர் மார்க்கெட்டுக்கு அழகிய கட்டடம் இருந்தது; இடம் போனதும் சந்தை போயிற்று. பர்மா பஜாருக்குச் சொல்லத்தக்க கட்டடமே இல்லை. இடம் நிலைத்ததால் அது நிலைத்தது.

இதற்கு மறுதலையான ஒரு காட்சி இந்தியாவின் கிழக்கெல்லையில் உண்டு. தமிழகம் வந்த அகதிகளுள் சிலர், பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்று, மணிப்பூர் எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் சிற்றூரில் தங்கினர். அங்கும் தமிழ்ச் சங்கம் கண்டனர்; கடை வைத்தனர்; எல்லை வணிகத்தின் முதுகெலும்பாயினர். 2021இல் மியான்மரில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியும், 2023 மே முதல் மணிப்பூரில் மூண்ட கலவரமும் அவ்வணிகத்தை முறித்தன. ஒரே மக்கள் கட்டிய இரு சந்தைகளுள் ஒன்று பூசலால் ஒடுங்கிற்று. மற்றொன்று நம் கண்ணெதிரே, ஓசையின்றி ஒடுங்கிக்கொண்டிருக்கிறது.

நினைவே ஆவணம்

மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்ற முஹாஜிர்கள், தம் வீட்டையும் பொருளையும் விட்டுவந்தவர்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர் கேட்டது சந்தைக்குச் செல்லும் வழியை மட்டுமே. பின்னர் நபிகளார் (ஸல்) முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையிடத்தைத் தேர்ந்து, அதில் வரி விதித்தலாகாது எனப் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அச்சந்தையின் எல்லைகளைப் பற்றி இன்றும் நாம் பேச முடிகிறதென்றால், ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து வந்த வரலாற்றறிஞர் சம்ஹூதி போன்றோர் அச்செய்திகளைத் தேடித் தொகுத்து வைத்ததே காரணம்.

எழுதி வைக்காவிடில் என்ன நேரும் என்பதற்கும் வடசென்னையிலேயே சான்று உண்டு. தண்டையார்பேட்டை என்னும் பெயர், தொண்டியிலிருந்து வந்து இராயபுரம் பகுதியில் வாழ்ந்து அடங்கிய மகான் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களால் ஏற்பட்டது என்று பலரும் நம்புகின்றனர். மஸ்தான் வாழ்ந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஆனால், 1693லேயே அவ்வூர் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு ஆங்கிலக் கும்பினிக்கு வழங்கப்பட்டிருக்கிறது. மகானின் பெருமை இதனால் குறைவதில்லை. ஆவணம் இல்லாத இடத்தை அன்பு நிரப்பிவிடுகிறது என்பதே இங்குப் பாடம். அன்பு நிரப்பியதை நீதிமன்றம் ஏற்காது.

இங்கேதான் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவோர வியாபாரம் நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடமாற்றம் செய்யலாகாது என்னும் நெறியை அச்சட்டம் வகுத்துள்ளது. 1969இல் தோன்றிய பர்மா பஜார் 2019இல் ஐம்பதைக் கடந்தது. அரசு ஒதுக்கிய கடைகளுக்கு அந்நெறி எவ்வளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர் ஆராய வேண்டியது. ஆனால், ஐம்பது ஆண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. 2023இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் மூன்றாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று தொடங்கிப் பின் விரிந்தது. 2019 முதல் மண்ணடியில் மெட்ரோ இரயில் நிற்கிறது. சாலைகள் அகலும், கட்டடங்கள் எழும். அவ்வேளையில், ‘இங்கு யார் இருந்தார்கள்?’ என்று கேட்கப்படும்போது காட்டுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது?

அண்மையில் விடுமுறை நாட்களில் மாணவர் சிலரோடு அவ்வீதியில் நடந்தேன். பழைய ஒதுக்கீட்டுக் கடிதம், அகதிச் சான்று, கப்பல் சீட்டு, இரங்கூன் கடையின் புகைப்படம் ஆகியவை யாரிடமேனும் உண்டா என்று கேட்டோம். சிலரிடம் இருந்தது. பலர், “அத்தா இருந்தவரை பெட்டியில் இருந்தது” என்றனர். ஒரு கடைக்காரர் மட்டும் தம் தந்தையின் சான்றிதழை நெகிழித் தாளில் சுற்றிக் கல்லாவின் அடியில் வைத்திருந்தார். எனக்குக் கடன் கொடுத்த பெரியவரின் கடையில் இப்போது வேறொருவர் செல்பேசி உறைகள் விற்கிறார். பெரியவரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு வீதிக்கு மறுவாழ்வு தருவது வண்ணம் பூசுவதிலும் விளக்குத் தோரணம் கட்டுவதிலும் தொடங்குவதன்று. முதலில் அவ்வீதியின் நினைவைத் திரட்ட வேண்டும். பின்னர், விற்கும் பொருளுக்கு ரசீதும் உறுதியும் தந்து இழந்த நம்பிக்கையை மீட்க வேண்டும். அதன் பின்னரே அரசிடம் உரிமையோடு பேச இயலும். மண்ணடி, இராயபுரம் ஜமாஅத்துகளும், வணிகர் சங்கங்களும், நம் கல்லூரி மாணவர்களும் கூடினால், முதற்பணியை ஓர் ஆண்டுக்குள் முடிக்கலாம். பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், ஒலிப்பதிவு வசதியுள்ள செல்பேசியும், அமர்ந்து கேட்கும் பொறுமையும் போதும். அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து செய்தியை ஏற்கும் பயிற்சி பெற்ற நம் மாணவர்களுக்கு இது புதிய கலையன்று.

இரங்கூனில் பிறந்து, அங்குக் கடையில் அமர்ந்த நினைவுடையோர் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். பர்மிய மொழியில் பணம் எண்ணும் கடைசிக் குரல் ஓய்வதற்கு முன் நாம் அங்குச் சென்றாக வேண்டும்.